ஒரு கோடு விழுந்தால்

பிட்ஸ்பர்க்கில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. சிறுநீரில் ஃபெண்டனில் என்ற போதைமருந்து இருக்கிறதா என்று பார்க்கும் காகிதப் பட்டைகள் என் மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு கட்டு கிடக்கும். ஒன்று ஏறக்குறைய ஒரு டாலர். 2022 முடியும்வரை, அதே பட்டையைப் போதைத் தூளைச் சோதிக்க ஒருவன் சட்டைப்பையில் வைத்திருந்தால் பென்சில்வேனியாவில் குற்றம்; ஓராண்டுவரை சிறை. நான் பட்டையை நனைப்பது போதை உடம்புக்குள் போன பிறகு; அவன் நனைக்க நினைத்தது போவதற்கு முன்பு. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தத் தடையின் வேர் 1979இல் இருக்கிறது. போதைச் சாமான் விற்கும் கடைகளை ஒடுக்க மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்டம் எழுதி மாநிலங்களிடம் கொடுத்தது. தடைப் பட்டியலில் குழாய், ஊசியோடு, சரக்கின் வீரியத்தையும் தூய்மையையும் சோதிக்கும் கருவிகளும் சேர்ந்துகொண்டன. ஃபெண்டனில் தெருவுக்கு வரும் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்? ஹெராயினைவிட ஐம்பது மடங்கு வீரியம்; இரண்டு மில்லிகிராமே ஆளைக் கொல்லலாம். கொக்கெயினிலும் போலி மாத்திரையிலும், வாங்குகிறவனுக்கே தெரியாமல் கலந்து வருகிறது. 2022இல் மட்டும் அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போதைமருந்தின் அளவு மீறி இறந்தார்கள்.

பட்டை வாங்க மத்திய நிதியைச் செலவிடலாம் என்று 2021இலேயே அனுமதி வந்துவிட்டது. மாநிலச் சட்டமோ, வைத்திருப்பவனைப் பிடி என்றது! 2022 நவம்பரில் ஆளுநர் டாம் வுல்ஃப் சட்டத் திருத்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் இங்கே முடிச்சு அவிழ்ந்தது. ‘நச்சுக் கலப்பைக் கண்டறியும் பொருள்கள்’ என்று அகலமாக எழுதினார்கள், புத்திசாலித்தனம். விஸ்கான்சின் மாநிலம் ஃபெண்டனிலை மட்டும் எழுதியது. குதிரை, மாடுகளுக்குக் கொடுக்கும் சைலசீன் என்ற மயக்கமருந்தும் கலப்படமாக வந்ததும், 2024இல் மறுபடி திருத்த வேண்டியதாயிற்று.

“ஏன்டி, போதைக்காரனுக்கு கவர்மெண்டே சாமான் குடுக்குதா?” என்றாள் அம்மா, போனில். பட்டையில் போதை ஏதும் இல்லையம்மா என்றேன். சமாதானமாகவில்லை.

கல்லூரிக்குக் கிளம்பிய மகன் பையில் நாலு பட்டையும், அளவு மீறியவரை மீட்க மூக்கில் அடிக்கும் நலாக்சோன் மருந்தும் வைத்தேன். பரீட்சை நேரத்தில் கண்விழிக்க யாரோ நீட்டும் மாத்திரைதான் என் பயம். “நான் அதெல்லாம் தொடமாட்டேம்மா” என்றான். பக்கத்து அறைப் பையனுக்காக வச்சுக்கோ என்றேன்.

மாத்திரையை முழுசாகப் பொடித்துத் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால், விஷம் இன்னொரு ஓரத்தில் இருக்கலாம். பதினைந்து விநாடி நனைத்து, சில நிமிடம் காத்திருக்க வேண்டும். இரண்டு கோடு விழுந்தால் ஃபெண்டனில் தென்படவில்லை என்று மட்டும் பொருள். வேறு விஷம் இருக்காது என்றல்ல. ஒரே கோடு விழுந்தால் இருக்கிறது. கர்ப்பம் பார்க்கும் பட்டைக்கு நேர்மாறு.

“ஒரு கோடுன்னா?” என்று வாசலில் மறுபடி கேட்டேன்.

“இருக்கு. கார்ல ஏறும்மா.”