உறையூர்ல தட்டினா சென்னைன்னு காட்டும்

உறையூர் கைத்தறிச் சேலை விக்கிற ஒரு கடைக்கு நீங்க வெப்சைட் போட்டுக் கொடுக்கறீங்கன்னு வைங்க. கூகுள் அனலிட்டிக்ஸ் கோடைச் சேர்த்ததும் ரியல்டைம்ல எண் ஓடும். சந்தோஷப்படாதீங்க, அதுல பாதி நீங்களும் உங்க ரூம்மேட்டும்தான். உங்க ஐபியை 'இன்டர்னல் டிராஃபிக்'னு குறிச்சு, ஃபில்டரை டெஸ்டிங்ல இருந்து ஆக்டிவ்வுக்கு மாத்துங்க. மாத்தாத வரைக்கும் அது எதையும் வடிகட்டாது.

அடுத்து, ஊர்க் கணக்கு. ஐபியை வெச்சுத்தான் ஊரைக் கணிக்கறாங்க. மொபைல் டேட்டா பெரும்பாலும் ஏதோ ஒரு பெரிய நகரம் வழியாப் போறதால, நாச்சியார் கோயில் வாசல்ல நின்னு பார்க்கறவரும் சென்னைவாசி ஆயிடலாம். அதை நம்பினா கடைக்காரர் விளம்பரக் காசை மொத்தமா சென்னையில கொட்டிடுவார், பாவம்.

அதனால ஊரை விட்டுட்டு வழியைப் பாருங்க. வாட்ஸ்அப்ல பகிர்ற லிங்க் சும்மா போனா பெரும்பாலும் 'டைரக்ட்'ல விழுந்துடும். யூடிஎம் ஒட்டி அனுப்பினா தனியாத் தெரியும். போன் நம்பரைத் தட்டுறதை அனலிட்டிக்ஸ் தானா எண்ணாது, டேக் மேனேஜர்ல அதுக்கு ஒரு ஈவென்ட் வைங்க. எத்தனை பேர் வந்தாங்கங்கறதைவிட, எத்தனை பேர் விலை கேட்கத் தட்டினாங்கங்கறதுதான் கடைக்காரருக்கு வேணும்.

முதல் நாளே டேட்டா ரிடென்ஷனை 2 மாசத்துல இருந்து 14 ஆக்கிடுங்க. இல்லன்னா தீபாவளி வியாபாரத்தைப் பொங்கலுக்கு அலசி ஆராய முடியாது.