இரட்டை விண்மீன்கள் பகரும் சான்று

ஈர்ப்பு விசையாற் பிணிக்கப்பட்டு, ஒன்றையொன்று சுற்றிவரும் இரு மீன்களை இரட்டை விண்மீன்கள் என்பர். தேனீக்கள் மொய்த்தாற்போல இலட்சக்கணக்கான விண்மீன்கள் உருண்டையாகத் திரண்டிருப்பது கோளக்கொத்து எனப்படும். அக்கொத்துக்கள் ஏறத்தாழ ஆயிரங்கோடி ஆண்டுப் பழமை உடையன.

ஒரு கொத்திலுள்ள மீன்கள் யாவும் ஒரே பொருளால் ஆயின என்று அறிஞர் நெடுநாள் கருதினர். ஒளியைப் பகுத்து நோக்கியபோதோ, இருவகை மீன்கள் புலப்பட்டன. ஒருவகையில் ஆக்சிஜன் மிகுதி, சோடியம் குறைவு. மற்றதில் சோடியம் மிகுதி, ஆக்சிஜன் குறைவு. முன்னதை முதல் தலைமுறை என்றும், பின்னதை இரண்டாம் தலைமுறை என்றும் வழங்கினர்.

இரண்டாம் தலைமுறை எவ்விடத்துத் தோன்றியது? இவ்வினாவிற்கு இரட்டை விண்மீன்களே சான்று பகர்கின்றன. நெருக்கம் மிக்க இடத்தில் அயல்மீன்கள் அடிக்கடி அணுகிக் கடக்கும். அப்போது தளர்ந்த இணைகள் பிரிந்துபோகும். ஆதலின், இணைகள் அருகிய கூட்டம் நெருக்கத்தில் வாழ்ந்த கூட்டமாதல் வேண்டும்.

இணையுடைய மீன் நம்மை நோக்கி வருவதும் விலகுவதுமாக அசையும். அதனால் அதன் நிறமாலைக் கோடுகள் இடம்பெயரும். இம்முறையால், பத்துக் கொத்துக்களில் சிவந்து பெருத்த 968 முதிய மீன்களை ஆராய்ந்து, 2015ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். முதல் தலைமுறையில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்தும், இரண்டாவதில் ஏறத்தாழ ஒன்றுமே இரட்டைகளாயிருந்தன. எனவே, இரண்டாம் தலைமுறை கொத்தின் நடுவே செறிந்து பிறந்தது என்று கருதலாயினர்.

பின்னர் ஆராய்ந்த சில கொத்துக்களின் நடுவிடத்தில் இவ்வேறுபாடு புலப்படவில்லை. ஆகவே ஆராய்ச்சி இன்னும் தொடர்கிறது. பிறந்த சூழல் மறைந்து பல்லூழி கழிந்தும், அதன் சுவடு மறைவதில்லை; அதனைக் காணும் கண்ணே அறிவியல்.