எண்ணெய் பிரியும் வரை: நிதானமான துப்பறியும் நாவல் எப்படி இயங்குகிறது?

சில துப்பறியும் நாவல்களில் ஐம்பது பக்கம் தாண்டியும் எல்லோரும் டீ குடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். கதை நகரவே இல்லையே என்று தோன்றும். ஆனால் அந்த ஊர்க்கதைதான் கதையை நகர்த்துகிறது. வத்தக்குழம்பு வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் அட் தி விக்கரேஜ்’ நாவலையே எடுத்துக்கொள்வோம். 1930இல் வந்த இதுதான் மிஸ் மார்ப்பிள் என்ற வயதான பெண்மணி துப்பறியும் முதல் நாவல்.

முதலில் புளியை ஊறவைக்க வேண்டும். கொலைக்கு முன்பே பகை ஊறியிருக்க வேண்டும். செயின்ட் மேரி மீட் என்ற சின்ன ஆங்கிலக் கிராமத்தில் கர்னல் புரோதெரோவைப் பலருக்கும் ஆகாது. அவரைக் கொல்பவர் உலகத்துக்கு நல்லது செய்தவராவார் என்று ஊர்ப் பாதிரியாரே சாப்பாட்டு மேசையில் சொல்லிவிடுகிறார். அதனால் கொலை நடந்ததும் யாரை வேண்டுமானாலும் சந்தேகிக்கலாம்.

அடுத்து தாளிப்பு. பாதிரியாரின் படிப்பறையில் கர்னல் சுடப்பட்டுக் கிடக்கிறார். சுடும் காட்சி கதையில் இல்லை. கடுகு வெடிக்கும் நேரம்தான் இதற்கு.

பிறகு பொடி. குழம்புப்பொடியை நம் கண்முன்தான் போடுகிறோம். கரைந்த பிறகு அது தனியாகத் தெரியாது. தடயமும் அப்படித்தான். படிப்பறையில் கவிழ்ந்து கிடந்த கடிகாரம் 6.22இல் நின்றிருக்கிறது. பாதிரியார் அதை எப்போதும் கால் மணி நேரம் கூட்டியே வைத்திருப்பவர். அதைச் சொல்ல வாயெடுத்தால் இன்ஸ்பெக்டர் ஸ்லாக் காது கொடுப்பதில்லை. படிக்கிற நமக்கோ அது தெரியும். துப்பறிபவரின் கண்ணில் படும் தடயத்தை வாசகருக்கும் உடனே காட்டிவிட வேண்டும் என்பது துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்று.

இனி சிறுதீ. போலீஸ் அதட்டி விசாரிக்கலாம், கைது செய்யலாம். மார்ப்பிளிடம் இருப்பது பாதிரியார் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள தன் தோட்டமும், பறவை பார்க்கும் பைனாகுலரும், அக்கம்பக்கத்துப் பேச்சும்தான். யாரையும் அவர் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே பேசவிட்டுக் காத்திருக்கிறார். அதற்கு நேரம் பிடிக்கும். கதையின் முற்பகுதியிலேயே இரண்டு பேர் தனித்தனியாகக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள். தீயைக் கூட்டியிருந்தால் அங்கேயே இறக்கியிருப்பார்கள், புளியின் பச்சை வாசம் போகாமலே.

கடைசியில் எண்ணெய் பிரிந்து மேலே வரும். அது வெளியிலிருந்து வந்ததல்ல, தொடக்கத்தில் நாமே ஊற்றியது. மார்ப்பிளும் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. ஊரில் இத்தனை ஆண்டுகளாகப் பார்த்த மனித சுபாவங்களோடு இந்தக் கொலையில் சம்பந்தப்பட்டவர்களை ஒப்பிடுகிறார். யார் எப்படி நடந்துகொள்வார்கள் என்று தெரிந்தவருக்கு, யார் சொல்வது பொருந்தவில்லை என்பதும் தெரிந்துவிடுகிறது.

ஆகவே இப்படிப்பட்ட நாவலில் டீ நேரத்துப் பக்கங்களைத் தாண்டிவிடாதீர்கள். விஷயம் பெரும்பாலும் அங்கேதான் கரைந்திருக்கும்.