குணமாக்க இயலாதபோதும் கைவிடாத கரங்கள்

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில், தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் இரவும் பகலும் ஓய்வதில்லை. கணவனுக்குப் பகல் ஷிப்டு, மனைவிக்கு இரவு ஷிப்டு. அத்தகைய இல்லத்தில் முற்றிய புற்றுநோயுடன் வயது முதிர்ந்த தாய் படுத்துவிட்டால், அருகே அமர்வார் யார்? “இனிச் செய்வதற்கொன்றுமில்லை, வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள்” என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிய குடும்பங்களை நாம் அறிவோம்.

அச்சொல் தவறானது என உலகுக்கு உணர்த்தியவர், செவிலியராகப் பணி தொடங்கிப் பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். 1967-இல் இலண்டனில் தூய கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவிய அவர், உடலின் வலியோடு மனத்தின் வலி, குடும்பக் கவலை, ஆன்மாவின் ஏக்கம் ஆகியவற்றையும் தணிக்க வேண்டும் என்றார். நம் நாட்டில் 1986-இல் பம்பாய் பாந்திராவில் சாந்தி அவேத்னா இல்லம் இப்பணியைத் தொடங்கிற்று.

இன்று இப்பணி வீடுகளையும் நாடி வருகிறது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. அதே ஆண்டில் திருத்தப்பெற்ற பி.எஸ்சி. செவிலியப் பாடத்திட்டத்திலும் இதற்கெனத் தனிப் பகுதி இடம்பெற்றுள்ளது.

ஆயினும் ஏட்டுப் படிப்பு மட்டும் போதுமா? இறக்கும் நோயாளரை முதன்முறை காணும் மாணவி அப்படுக்கையைத் தவிர்த்து நடப்பது கல்நெஞ்சத்தாலன்று. என்ன பேசுவதென்று எவரும் கற்பிக்காமையாலேயே. ஆகவே அனுபவமிக்க செவிலியருடன் அவள் நோயாளரின் இல்லத்திற்கே செல்ல வேண்டும். “வலிக்கிறது” என்றால் நம்பக் கற்க வேண்டும். மருத்துவர் குறித்த மார்பின் மருந்தை, வலி முற்றும்வரை காத்திராமல் நேரம் தவறாது கொடுக்கவும், அதனால் நேரும் மலச்சிக்கலுக்கு முன்னதாகவே மருந்து கேட்டுப் பெறவும் பழக வேண்டும். வாயைத் துடைத்து ஈரப்படுத்துவதையும், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதையும் வீட்டாருக்குக் கற்பிக்க வேண்டும். நோயாளர் இறந்த பின், தன் துயரை ஆசிரியையிடம் சொல்லி அழவும் அவளுக்கு இடம் வேண்டும்.

பெற்றோரே, செவிலியர் படிப்புக்கு மகளை அனுப்பும்போது வேலையையும் ஊதியத்தையும் பற்றிக் கேட்கிறோம். விடுமுறைக்கு வரும் அவளிடம், “இறப்போர் அருகில் அமரக் கற்றுக்கொண்டாயா?” என்றும் கேட்போம். ஒரு நாள் அவள் அமரப்போவது நம் படுக்கையருகிலாகவும் இருக்கலாம்.