புது ஊரில் ஒரு கையெழுத்து

என் கணவருக்குத் தூத்துக்குடியில் ஒரு சரக்குக் கம்பெனிக்கு மாற்றல் என்றதும், கும்பகோணத்தில் என் நாத்தனார் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணி, எனக்கு ஒரு ஜோடி முத்துத் தோடு வாங்கி அனுப்புங்க" என்பதுதான். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பள்ளிக்கூடத்தில் கொற்கை முத்து என்று நானும் படித்தவள்தானே! இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, இந்தக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல் என்று. நாத்தனாருக்கு முந்திரி மக்ரூன் பொட்டலம்தான் போயிற்று. தோடு இல்லாத கோபம் மக்ரூனில் கரைந்துவிட்டது.

2021-ல் வந்தோம். டவுனில் வாடகை கட்டுப்படியாகவில்லை. திருச்செந்தூர் சாலையில் பழையகாயல் போகிற வழியில் ஒரு கிராமத்தில் வீடு கிடைத்தது. சாலைக்கு இரண்டு பக்கமும் உப்பளம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு அதிகம் விளைவது நம் தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில்தான்.

வந்த புதிதில் ராத்திரி இரண்டு மணி சுமாருக்குத் தெருவில் பேச்சுக்குரல் கேட்கும். திருடர்களோ என்று பயந்து இவரை எழுப்பினேன். ஜன்னலைத் திறந்து பார்த்தால், கையில் டார்ச்சும் தூக்குச்சட்டியுமாகப் பெண்கள்! சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு. வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி முடிக்க வேண்டுமாம். தெப்பத்தில் தேக்கிய தண்ணீரைப் பாத்தியில் பாய்ச்சி, காயவிட்டு, விளைந்த உப்பை வாருபலகையால் இழுத்துக் குவிப்பதும், அதைத் தலையில் சுமந்து கரையில் கொட்டுவதும் ஒரு நாள் பார்த்தேன். வெறுங்கால். பாத வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறினால் எப்படி இருக்கும்? நமக்கு ஊறுகாய் போடும்போது விரலில் சின்னக் கீறல் இருந்தாலே துள்ளுகிறோம். அதைவிட எனக்கு மனசு ஆறாதது, கழிப்பிடம் கிடையாது என்பதற்காக அந்த வெயிலில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்பது. நீர்க்கடுப்பு என்று மாதம் ஒருத்தியாவது படுக்கிறாள்.

(பக்கத்து வீட்டு அக்கா கொடுக்கும் கல்லுப்பை நான் ஊறுகாய்க்கு மட்டும்தான் வைத்துக்கொள்கிறேன். அன்றாடச் சமையலுக்கு அயோடின் உப்புதான். அதையும் அடுப்பு மேடையில் திறந்து வைக்காமல், மூடிய ஜாடியில் வைத்து, இறக்கும் சமயத்தில் போடுங்கள். சூட்டிலும் ஈரத்திலும் அயோடின் குறைந்துபோகும்.)

அந்த அக்காவைப் பற்றித்தான் எழுத வந்தேன். வயது ஐம்பத்து மூன்று. என்னைத் "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் ரேஷன் கார்டை இந்த விலாசத்துக்கு மாற்ற நான் நாலு தடவை அலைந்தபோது, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு என்கூட வந்தவள். வீட்டு ஓனரிடம் வரி ரசீது வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். நான் பத்தாவது படித்ததை எப்படியோ தெரிந்துகொண்டு, அடுத்த வாரமே ஒரு காகிதத்தோடு வந்துவிட்டாள். "தங்கச்சி, இத என்னன்னு பாத்து எழுதித் தாயேன்."

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்குக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று 2021-ல் அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால், நான் உப்பளத் தொழிலாளிதான் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமே! அக்கா பதின்மூன்று வயதிலிருந்து உப்பு வாருகிறாள். மூன்று அளங்களில் வேலை பார்த்தாள். ஒரு அளத்து ரெஜிஸ்டரிலும் அவள் பெயர் கிடையாது. "நான் உப்பு வாருதவன்னு இந்தக் கையப் பாத்தாத் தெரியாதா? காகிதம் கேக்காவளே!" என்றாள்.

நானும் அவளோடு கணக்கப்பிள்ளையைப் பார்க்கப் போனேன். மரியாதையாக உட்காரச் சொன்னார். டீ கூட வந்தது. கையெழுத்து மட்டும் வரவில்லை. "இன்னைக்கு இதுல போட்டா, நாளைக்கு பி.எஃப்., போனஸ்னு வந்து நிப்பாவம்மா" என்று உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார். நாற்பது வருஷ வேலைக்கு ஒரு கையெழுத்து போட இத்தனை பயம்!

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாள் உண்டு. ஏழு பெண்களுக்கும் தனித்தனியாக மனு எழுதினேன். எழுதி எழுதி நடுவிரலில் கொப்புளம். ஷேர் ஆட்டோவில் போய்க் கொடுத்து, மறக்காமல் ரசீது வாங்கிக்கொண்டோம். நீங்களும் எங்கே மனு கொடுத்தாலும் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். அடுத்த மழைக்கு ஏழு பேரில் நாலு பேருக்குப் பணம் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. விசாரித்தால், ஆதாரில் அவள் பெயர் "அம்மாள்" என்று முடிகிறது, ரேஷன் கார்டில் வெறும் "அம்மா"வாம். ஒரு "ள்" இல்லாததற்கு ஒரு வருஷம்!

இப்படி அலைகிறபோது கிராம அதிகாரிகள் என்றாலே எனக்கு எரிச்சல்தான். 2023 ஏப்ரல் 25-ம் தேதி அந்த எரிச்சலை மாற்றியது. இதே மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில் முறப்பநாடு. அங்கே கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் ஆற்று மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்தவர். அவரை அலுவலகத்துக்குள்ளேயே புகுந்து வெட்டிக் கொன்றார்கள். இரண்டு பேருக்கு அதே ஆண்டு ஆயுள் தண்டனை கிடைத்தது. காகிதம் கேட்டு நம்மை அலைய விடுகிற அதே மேஜையில், காகிதத்தில் உண்மையை எழுதியதற்காக உயிரை விட்ட மனிதரும் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் நான் எந்த ஆபீசிலும் குரலை உயர்த்துவதில்லை. கேட்க வேண்டியதை மட்டும் விடுவதில்லை.

அந்த டிசம்பரில் வந்த மழையை மறக்க முடியுமா? 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். எங்கள் வீட்டில் முழங்கால் தண்ணீர். கரையில் குவித்திருந்த உப்பெல்லாம் கரைந்து போயிற்று. பாதித்த குடும்பங்களுக்கு ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் கொடுத்தார்கள். நாலு தடவை அலைந்து மாற்றிய கார்டு அன்றைக்குத்தான் எனக்குக் கைகொடுத்தது. ஆனால் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, அளத்து ஓரமாகக் குடிசையில் இருந்த பெண்ணுக்கு ஒன்றும் கிடையாது. வெள்ளத்தில் போனது இங்கே, கார்டு இருந்தது அங்கே! அவள் வரிசையின் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் பணத்தோடு அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

கிராம சபையில் இதைக் கேட்கலாம் என்று 2024 குடியரசு தினத்தன்று போனேன். வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் பேசியதெல்லாம் ஆண்கள். பஞ்சாயத்துகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் இருக்கிறது, நாற்காலியில் உட்காரவும் செய்கிறார்கள். பதிலை மட்டும் பல ஊர்களில் பின்னால் நிற்கும் வீட்டுக்காரர் சொல்கிறார்! அளத்தில் பெண்களுக்குக் கழிப்பிடம் வேண்டும் என்று நான் எழுந்து கேட்டபோது, பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா எழுந்து திரும்பி நின்றாள். "ஏன் சிரிக்கிய? ஒங்க வீட்டுப் பொம்பளையளுக்கும் சேத்துத்தான் கேக்கா" என்றாள். சிரிப்பு நின்றது. தீர்மானமாக எழுதிக்கொண்டார்கள். 2025 ஜனவரியில் பஞ்சாயத்தின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தார். தீர்மானத்தின் நகலை எடுத்துக்கொண்டு அவரிடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

அக்காவின் "ள்" ஒருவழியாகச் சரியாகி, மூன்றாவது மழைக்குப் பணம் வந்துவிட்டது. அதற்குள் அவள் இன்னொன்றும் செய்திருந்தாள். ராத்திரி என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என் மகனின் பழைய நோட்டில் பெயர் எழுதிப் பழகிக்கொண்டாள். பணம் வாங்கப் போனபோது மைப்பெட்டியை நீட்டியிருக்கிறார்கள். "பேனா தாங்க" என்று கேட்டு வாங்கி, அந்த "ள்"ளையும் சேர்த்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டாளாம். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தியும் அவள் அவசரப்படவில்லை.

மறுநாள் அந்த ராமநாதபுரத்துப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிளாஸ்டிக் பை நிறையக் காகிதம், பாதி வெள்ளத்தில் நனைந்து ஒட்டிக்கொண்டவை. இரண்டு பேருமாக அவற்றை என் கூடத்தில் விரித்து, ஃபேனைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள்.