ஒரே சிப் வடிவமைப்பை இரண்டாம் முறை விற்கலாமா?

கைத்தொலைபேசியின் சிப்பைத் தயாரிப்பவர் ஒருவர். அதற்குள் இருக்கும் செயலிப் பகுதியை வடிவமைத்தவர் பெரும்பாலும் வேறொருவர். 1990 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கிய ஆர்ம் நிறுவனம், சிப் தொழிற்சாலை ஒன்றுகூட இல்லாமல், வடிவமைப்புக்கான உரிமங்களை விற்றே உலக நிறுவனமாக வளர்ந்தது. ஒரே வடிவமைப்பைப் பல நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. ஒவ்வொன்றும் உரிமக் கட்டணம் செலுத்துகிறது, விற்கும் சிப்புகளுக்கு உரிமப்பங்கும் கொடுக்கிறது.

இந்தத் தொழிலுக்குக் கொழும்பில் இருந்தாக வேண்டும் என்றில்லை. எண்முறைச் சுற்றுகளை வெரிலொக் போன்ற மொழிகளில் எழுதப் படித்த ஒருவர், தெரணியகலையில் தோட்டத்து வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்து கொடுக்கலாம். தோட்டத்துத் தேயிலைக் கொழுந்தை ஒருமுறைதான் நிறுத்துக் கொடுக்க முடியும். வடிவமைப்போ விற்ற பிறகும் எழுதியவரின் கணினியிலேயே இருக்கிறது. அடுத்த வாடிக்கையாளர் அதே போன்றதைக் கேட்கும்போது, பழைய கோப்பைத் திறந்து கொடுக்கலாமா என்ற கேள்வி வரும்.

பதில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. உரிமையை முழுதாக எழுதிக் கொடுத்திருந்தால், அந்தக் கோப்பு இனி எழுதியவருடையது அல்ல. பயன்படுத்தும் உரிமத்தை மட்டும், அதுவும் தனியுரிமம் அல்லாத ஒன்றைக் கொடுத்திருந்தால், மற்றவருக்கும் கொடுக்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது எழுதியதன் பொருளாதார உரிமை, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்கே சேரும்.

சட்டம் எதைக் காக்கிறது

இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதில் இரண்டு வழிகளைத் தருகிறது. எழுதப்பட்ட நிரல், கணினி நிரலைப் போலப் பதிப்புரிமைக்குள் வரும். அதற்குப் பதிவு தேவையில்லை. எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் அது நிலைக்கும். சிப்பில் டிரான்சிஸ்டர்களும் இணைப்புகளும் அமையும் தளவமைப்புக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. அதைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். காலம் 10 ஆண்டுகள்.

பிறருடைய சிப்பைப் பிரித்து ஆராய்வதே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். கற்பிக்கவும் ஆராயவும் அப்படிச் செய்வதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆராய்ந்து அறிந்ததைக் கொண்டு புதிதாக ஒன்றை உருவாக்கவும் செய்யலாம். நகலெடுத்துவிட்டு ஆராய்ச்சி என்று சொல்வதுதான் எடுபடாது. அமெரிக்காவில் புரூக்ட்ரீ நிறுவனம் ஏஎம்டி மீது தொடுத்த வழக்கில், நினைவகக் கலத்தின் தளவமைப்பைத் தாங்கள் ஆராய்ந்தே உருவாக்கியதாக ஏஎம்டி கட்டுக்கட்டாக ஆவணங்களைக் காட்டியது. நடுவர் குழு அதை ஏற்கவில்லை. 2.5 கோடி டொலர் அளவிலான நட்டஈட்டை 1992 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது.

எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்

பெரிய நிறுவனங்களுக்கே உரிமச் சொற்கள் தலைவலி. நூவியா என்ற சிப் வடிவமைப்பு நிறுவனத்தை, சிப் நிறுவனமான குவால்கொம் 2021 இல் 140 கோடி டொலருக்கு வாங்கியது. நூவியா தன்னிடம் பெற்றிருந்த உரிமம் தன் ஒப்புதலின்றிக் கைமாறாது என்று 2022 இல் ஆர்ம் வழக்குத் தொடுத்தது. குவால்கொமின் சிப்புகள் அதன் சொந்த உரிமத்துக்குள் அடங்கும் என 2024 டிசம்பரில் நடுவர் குழு சொன்னது. ஆனால் நூவியா ஒப்பந்தத்தை மீறியதா என்பதில் குழுவால் உடன்பட முடியவில்லை.

தனியாக வேலை செய்பவருக்கு வரும் சிக்கல்கள் வேறு. எஃப்பிஜிஏ எனப்படும், வாங்கியவரே சுற்றை அமைத்துக்கொள்ளும் சிப்புகளின் தயாரிப்பாளர்கள் தரும் மென்பொருளோடு வரும் ஆயத்தப் பகுதிகள் பெரும்பாலும் அவர்களுடைய சிப்புகளில் பயன்படுத்த மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. மாணவர் உரிமத்தில் பெற்ற மென்பொருளில் வணிக வேலை செய்வதற்கும் பொதுவாகத் தடை உண்டு. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதற்கும் நிபந்தனை இருக்கும். சென்னை ஐஐடியின் சக்தி செயலி பிஎஸ்டி உரிமத்தில் வெளியானது. உரிமக் குறிப்பை நீக்காமல் அதை விற்பனைப் பொருளிலும் சேர்க்கலாம். ஜிபிஎல் உரிமத்தில் உள்ளதைச் சேர்த்து விநியோகித்தால் மூல நிரலையும் கொடுக்க வேண்டிவரும்.

பரிகாரம்

தம் வடிவமைப்பைப் பிறர் திருடி விற்பதாகச் சந்தேகித்தால், முதலில் திகதியிட்ட கோப்புகள், நிரல் மாற்றங்களைக் காட்டும் கிட் பதிவுகள், மின்னஞ்சல்கள், கட்டணச் சிட்டைகள் ஆகியவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். பின் சட்டத்தரணி மூலம் அறிவித்தல் அனுப்பலாம். நீதிமன்றத்தில் தடையுத்தரவும் நட்டஈடும் கோரலாம். உண்மையான இழப்பைக் கணக்கிட்டுக் காட்ட முடியாதவருக்கு, 50,000 ரூபா முதல் 10 இலட்சம் ரூபா வரை சட்டம் நிர்ணயித்த நட்டஈட்டைக் கேட்கும் வழியும் உண்டு. வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறுவது குற்றமும்கூட: முதல் தடவைக்கு 5 இலட்சம் ரூபா வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையை அணுகலாம்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மூன்று வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும்: உரிமை யாருக்கு, முன்பே எழுதிவைத்த பகுதிகள் யாருடையவை, தகராறு எந்த நாட்டுச் சட்டப்படி தீர்க்கப்படும். தம் சொந்த நூலகத்திலிருந்து எடுத்துச் சேர்க்கும் பகுதிகளைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு உரிமம் மட்டுமே தருவதாக ஒரு வாசகத்தைச் சேர்க்கச் சொல்லலாம். தளவமைப்பைப் பதிவதையும் தள்ளிப்போடக் கூடாது: அது ஏற்கெனவே சந்தைக்கு வந்திருந்தால் பதிவுக்கு 2 ஆண்டுகளே அவகாசம். அந்த அவகாசம் முதல் வணிகப் பயன்பாட்டு நாளிலிருந்து கணக்கிடப்படும்.