பாரீஸில் எடுத்த படங்கள் பத்திரமாக இருக்கின்றனவா?

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கத்தில் 'படம்' என்றால் இரண்டு விஷயங்கள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, பட்டாசுப் பெட்டியின் மேல் ஒட்டும் லேபிள். இன்னொன்று, சுவரில் மாட்டும் காலண்டர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டதால் வளர்ந்த அச்சுத் தொழில் இன்று ஊருக்கே சோறு போடுகிறது. பாரீஸின் ஈபிள் டவரை நம்மில் பலர் முதன்முதலில் பார்த்ததும் ஒரு காலண்டர் தாளில்தான்.

இப்போது நிலைமை வேறு. மகனோ மகளோ ஐரோப்பாவில் வேலை பார்க்கிறார்கள் என்று போய் வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஜெர்மனியில் நடக்கும் துரூபா அச்சுக் கண்காட்சிக்குப் போகிறவர்களில் சிலர் அப்படியே பாரீஸையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருகிறார்கள். திரும்பி வரும்போது கையில் ஆயிரம் படங்கள்! ஆனால் பத்து வருடம் கழித்துக் கேட்டால், "எங்கேயோ ஒரு சி.டி.யில் இருந்ததே" என்பதுதான் பதிலாக இருக்கிறது. அந்தப் படங்களைக் காப்பாற்றுவது எப்படி, ஆசைப்பட்டால் காலண்டராக அச்சிடுவது எப்படி என்று பார்ப்போமா?

மறுபடி எடுக்க முடியாத படம்

"பாரீஸ் எங்கே போய்விடப் போகிறது? அடுத்த தடவை எடுத்துக் கொள்ளலாம்" என்று நினைக்காதீர்கள். 2019 ஏப்ரல் 15 அன்று நோத்ர்தாம் தேவாலயத்தில் தீப்பிடித்தது. 1859ல் கட்டி முடித்த ஊசிக் கோபுரம் எல்லோர் கண் முன்னாலும் சரிந்து விழுந்தது. அதைச் சுற்றி இருந்த 16 செம்புச் சிலைகளைப் பழுது பார்ப்பதற்காக நான்கு நாட்களுக்கு முன்புதான் இறக்கி வைத்திருந்தார்கள். அதனால் அவை தப்பின. பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டி, 2024 டிசம்பரில் தேவாலயத்தைத் திறந்தார்கள்.

கலை வரலாற்றுப் பேராசிரியர் ஆண்ட்ரூ டாலன் அந்தத் தேவாலயத்தை லேசர் கருவியால் அளந்து, நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாகக் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்தார். அவர் 2018ல் காலமாகிவிட்டார். தீ விபத்துக்குப் பின் அந்த பைல்கள் பெரிய உதவியாக இருந்தன. உங்களிடம் 2019க்கு முன் எடுத்த நோத்ர்தாம் படம் இருந்தால், அதில் இருப்பது இன்று இல்லாத பழைய கோபுரம். அதன் முன் நிற்கும் உங்கள் அப்பாவின் முகமும் மறுபடி எடுக்கக் கிடைக்காது.

முதல் வேலை: சி.டி.யைக் காலி செய்யுங்கள்

2000களில் போய் வந்தவர்கள் பெரும்பாலும் ஸ்டுடியோவில் கொடுத்து சி.டி.யில் எழுதி வாங்கினார்கள். எழுதக்கூடிய சி.டி.யில் தகவல் பதிவாவது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் சூடும் அதைக் கெடுக்கும். நம் ஊர் வெயிலில் தகர பீரோவுக்குள் கிடந்த சி.டி. எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. புது லேப்டாப்களில் சி.டி. டிரைவே வருவதில்லை. யு.எஸ்.பி.யில் செருகும் டி.வி.டி. டிரைவ் தனியாகக் கிடைக்கிறது. யாரிடமாவது இரவல் வாங்கினாலும் போதும்.

சி.டி. அழுக்காக இருந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். ஒரு டிரைவில் படிக்காத சி.டி. இன்னொரு டிரைவில் படிப்பதும் உண்டு. எனவே உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

பிலிம் நெகட்டிவ் இருக்கிறதா? பிரிண்டை விட நெகட்டிவை ஸ்கேன் செய்வதே நல்லது. 35 மி.மீ. நெகட்டிவை 2400 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 3400 க்கு 2270 பிக்ஸல் கிடைக்கும். பிரிண்ட் மட்டும்தான் இருக்கிறது என்றால் 600 டி.பி.ஐ. வைத்துக் கொள்ளுங்கள்.

மூன்று பிரதி, இரண்டு விதம், ஒன்று வெளியே

கோட்டையூர்க்காரரான ஏ.கே.செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். காந்தி பற்றிய பிலிம் துண்டுகளைத் தேடி ஐரோப்பா உட்பட உலகைச் சுற்றி, 1940ல் ஆவணப் படமாக வெளியிட்டார். அத்தனை பாடுபட்டு எடுத்த அந்தப் படத்தின் பிரதியைத் தேடியே பிற்காலத்து ஆய்வாளர்கள் அலைய வேண்டி வந்தது. பிரதிகள் குறைவாக இருந்தால் எந்தப் படமும் தொலையும்.

எனவே எப்போதும் மூன்று பிரதிகள் வேண்டும். கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. மூன்றாவதை மதுரையில் இருக்கும் தங்கை வீட்டிலும் வைக்கலாம், இண்டர்நெட்டிலும் வைக்கலாம். கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1 முதல் கிடையாது. மெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜி.பி. மட்டுமே இலவசம். பழைய பிகாசாவையும் கூகுள் 2016ல் நிறுத்திவிட்டது. எந்த இலவச சேவையையும் மட்டும் நம்பி இருக்க வேண்டாம். வருடம் ஒரு முறை, ஆயுத பூஜை அன்று வைத்துக் கொள்ளுங்களேன், ஹார்ட் டிஸ்க்கை இணைத்துப் படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்றரை மணி நேரக் குழப்பம்

டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்தோடும் எடுத்த தேதி, நேரம், ஷட்டர் வேகம் முதலியவற்றை எழுதி வைக்கும். இதற்கு எக்சிப் தகவல் என்று பெயர். பாரீஸ் நேரம் கோடையில் நம்மைவிட மூன்றரை மணியும், குளிர்காலத்தில் நாலரை மணியும் பின்தங்கி இருக்கும். கேமரா கடிகாரத்தை மாற்றாமல் போனவர்களுக்கு, கோடையில் இரவு 9 மணிக்கு எடுத்த படம் மறுநாள் 12.30 என்று பதிவாகி, அடுத்த நாள் போல்டரில் போய் உட்கார்ந்துவிடும். செல்போன் தானாக மாற்றிக் கொள்வதால், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் வரிசையே கலைந்துவிடும்.

கவலை வேண்டாம். எக்ஸ்என்வியூ, எக்சிப்டூல் போன்ற இலவச மென்பொருள்களில் மொத்தப் படங்களையும் தேர்வு செய்து ஒரே தடவையில் நேரத்தை நகர்த்தலாம். முதலில் நான்கைந்து படங்களின் காப்பியில் சோதித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். எக்சிப் தகவலும் போய்விடும். ஒரிஜினல் வேண்டுமானால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

காலண்டருக்கு எத்தனை பிக்ஸல் வேண்டும்?

ஆடிப் பெருக்கை ஒட்டி சிவகாசியில் அடுத்த வருட காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதைப் பார்த்ததும் சொந்தப் படத்தில் ஒரு காலண்டர் போட வேண்டும் என்ற ஆசை வருவது இயற்கை. நல்ல ஆப்செட் அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 பிக்ஸல் என்பது கணக்கு. 5 மெகா பிக்ஸல் கேமராவின் படம் 2592 க்கு 1944 பிக்ஸல். 300 ஆல் வகுத்தால் எட்டரை அங்குலத்துக்கு ஆறரை அங்குலம். மேஜைக் காலண்டருக்குத் தாராளம். 15 க்கு 20 அங்குல சுவர்க் காலண்டருக்கோ 4500 க்கு 6000 பிக்ஸல், அதாவது 27 மெகா பிக்ஸல் வேண்டும். தள்ளி நின்று பார்க்கிற படம் என்பதால் 200 பிக்ஸலிலும் சமாளிக்கலாம். அதற்குக் கீழே போனால் படம் மங்கும்.

மானிட்டரில் தெரியும் நிறம் ஆர்.ஜி.பி. முறை. அச்சில் வருவது சி.எம்.ஒய்.கே. முறை. பாரீஸ் மாலை வானத்தின் அடர் நீலம் அச்சில் சற்று மங்குவது இதனால்தான். மொத்தமாக ஓட்டுவதற்கு முன் ஒரு புரூப் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

விளக்கு யாருக்குச் சொந்தம்?

இது அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம். ஈபிள் டவரைக் கட்டிய குஸ்தாவ் ஈபிள் 1923ல் இறந்தார். அதனால் டவரின் வடிவத்துக்குக் காப்புரிமை இல்லை. பகலில் எடுத்த படத்தைத் தாராளமாக அச்சிடலாம். ஆனால் இரவில் அதை ஒளிர வைக்கும் விளக்கு அமைப்பு 1985ல் பியர் பிதோ வடிவமைத்தது. அது தனிப் படைப்பு என்பதால், இரவுப் படத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி பெற வேண்டும் என்கிறது டவரை நிர்வகிக்கும் நிறுவனம். லூவர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடுக்கும் இதே கதை. அதை வடிவமைத்த ஐ.எம்.பெய் 2019ல்தான் காலமானார்.

வீட்டு ஆல்பத்தில் வைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் கடை பெயர் போட்டு ஆயிரம் காலண்டர் அடிக்கப் போகிறீர்கள் என்றால், இரவுப் படத்தைத் தவிர்த்துப் பகல் படத்தை எடுத்துக் கொள்ளுங்கள். கூகுளில் தேடி எடுத்த அடுத்தவர் படத்தை அச்சிடுவதும் கூடாது.

அடுத்து போகப் போகிறீர்களா?

ஜூலை 14 பிரான்ஸின் தேசிய நாள். அன்று இரவு ஈபிள் டவரில் வாண வேடிக்கை நடக்கும். அதைப் படமெடுக்க டிரைபாட் அவசியம். ஐ.எஸ்.ஓ. 100, அப்பெர்ச்சர் எப்.8 முதல் எப்.11, ஷட்டர் 2 முதல் 4 வினாடி என்று ஆரம்பியுங்கள். போகஸை மேனுவலில் வைத்துவிடுங்கள். பிளாஷை அணைத்துவிடுங்கள். ஷட்டர் நேரம் நீண்டால் பறக்கும் பொறிகள் ஒளிக் கோடுகளாக விழும். ஆட்கள் கலங்கிப் போவார்கள். 1838ல் தகேர் பாரீஸ் வீதி ஒன்றைப் படம் பிடித்தபோது பல நிமிடங்கள் ஆனதால் வண்டிகளும் மனிதர்களும் மறைந்து போக, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக் கொண்டு அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் பதிவானார். மனிதர் பதிவான முதல் புகைப்படங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள்.

பழகிப் பார்க்க பாரீஸ் போக வேண்டியதில்லை. தீபாவளி இரவில் மொட்டை மாடியில் டிரைபாடை நிறுத்துங்கள். வானம் முழுக்க நம் ஊர்ச் சரக்குதான்! ஆனால் அதற்கு முன், பீரோவில் இருக்கும் அந்த சி.டி.யை எடுத்து இந்த ஞாயிற்றுக்கிழமையே காப்பி செய்துவிடுங்கள்.